மைசூர்ச் சீமையில் கசகசாவும் அதன் இனத்துப் பூக்களும்

தேங்காய், வெல்லம், ஏலக்காய் ஆகியவற்றோடு அரைத்துக் காய்ச்சப்படும் கசகசாப் பாயசம் மைசூர் விருந்துகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. ஆனால் அவ்விதையைத் தரும் செடி இச்சீமையின் மண்ணிலேயே ஒருகாலத்தில் பயிரிடப்பட்டது என்பதும், அது வயலைவிட்டு நீங்கிய பின்னர் அதன் இனத்தைச் சேர்ந்த பூஞ்செடிகளுக்குப் பூங்காக்களில்கூட உறுதியான இடம் அமையவில்லை என்பதும் பரவலாக அறியப்படாத செய்திகள்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், புதிதாகக் கைக்கு வந்த நாட்டின் விளைபொருள்களையும் தொழில்களையும் கணக்கெடுக்க விரும்பிய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவரை அப்பணிக்கு அனுப்பினார். 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் பகுதிகளைச் சுற்றிய அவருடைய பயணக்குறிப்புகள் 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. கோலாரைப் பற்றி எழுதும்போது, அங்கே கசகசாச் செடி அபினுக்காகவும் விதைக்காகவும் வளர்க்கப்படுவதையும், விதை வசதி படைத்தோர் உண்ணும் இனிப்புப் பணியாரங்களில் சேர்வதையும் அவர் பதிவு செய்கிறார். பச்சைக் காயின் மேல்தோலைக் கீறும்போது வடிந்து உறையும் பாலே அபின். அதே காய் முற்றிக் காய்ந்தபின் உள்ளிருந்து கொட்டும் விதையே கசகசா. போதை பாலில்தான் உண்டு, விதையில் அது ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒரே பாத்தியிலிருந்து மருந்துக் கடைக்கும் மடைப்பள்ளிக்கும் தனித்தனியே பொருள் கிடைத்தது.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் தோன்றியதாகக் கருதப்படும் இச்செடியின் வளர்ச்சி முறை குளிர்காலத்தைச் சார்ந்தது. ஐரோப்பாவின் குளிர்மிகுந்த பகுதிகளில், இலையுதிர்காலத்தில் விதைக்கப்படும் கசகசாவும் அதன் இனத்துச் செடிகளும் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாக முளைத்துப் பனியின் அடியில் குளிர்காலத்தைக் கழித்து, வெயில் திரும்பிப் பகல் நீளும்போது தண்டு விட்டுப் பூக்கின்றன. கோலாரும் மைசூரும் பனி விழாத ஊர்கள். ஆயினும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால் ஐப்பசி கழிந்து மாசி வரையிலான இரவுகள் அங்கே குளிர்ந்து, காற்று வறண்டு, மழையும் அரிதாகின்றது. வடநாட்டுப் பனியின் வேலையில் ஒரு பங்கை இந்த மூன்று நான்கு மாதங்கள் செய்துவிடுகின்றன. வட இந்தியாவிலும் கசகசா அக்டோபர், நவம்பரில் விதைக்கப்பட்டு மாசி, பங்குனியில் கீறப்படுகிறது.

அச்செடி மைசூர் வயல்களில் இன்று இல்லாமைக்கு மண்ணோ குளிரோ காரணம் அன்று. வங்காளத்தில் 1773இல் அபின் வாணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, பாட்னாவையும் காசிப்பூரையும் மையங்களாக்கிச் சாகுபடியை ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபின் சட்டங்கள் அந்தக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கின. இப்போது நடப்பிலுள்ள 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு குறிக்கும் பகுதிகளில் மட்டுமே உரிமம் பெற்றோர் கசகசாவைப் பயிரிடலாம். மைசூர்க் கடைகளில் விற்கும் கசகசா அம்மாநிலங்களிலிருந்தோ துருக்கியிலிருந்தோ வருவது. கோலாரில் விளைந்த ஒரு சமையற்பொருள் இவ்வாறு தொலைதூரச் சரக்காகிவிட்டது வருந்தத்தக்கது. எனினும் அபினின் கேட்டை அறிந்தவர்கள் அந்தத் தடையைக் குறைகூற இயலாது.

வயல் வரலாறு இவ்வாறு முடிய, பூங்கா வரலாறு வேறு வழியில் தொடங்குகிறது. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய பெங்களூர் லால்பாக் 1856இல் அரசுத் தாவரவியல் பூங்காவானது. 1874இல் பொறுப்பேற்ற ஜான் கேமரனும், 1908இல் பரோடாவிலிருந்து வந்து அவரைத் தொடர்ந்த ஜெர்மானியர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகலும் வெளிநாட்டுச் செடிகளையும் விதைகளையும் வரவழைத்து மைசூர் சமஸ்தானமெங்கும் பரப்பினர். ஆண்டின் எல்லா மாதங்களிலும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்கும்படி சாலைமரங்களைத் தேர்ந்து நட்ட கிரும்பிகலின் முறை புகழ்பெற்றது. திவான் மிர்ஸா இஸ்மாயிலின் முனைப்பில் கிருஷ்ணராஜசாகர் அணையின் அடியில் அமைந்த பிருந்தாவனத் தோட்டத்தின் திட்டத்திலும் கிரும்பிகலின் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிறது. 'சீசன் பூ' என்று தோட்டக்காரர்கள் வழங்கும் ஓராண்டுப் பூஞ்செடிகள், அதாவது விதைத்த சில மாதங்களில் பூத்துக் காய்த்து மடிபவை, இவர்கள் காலத்துப் பூங்காக்களில் நிலைபெற்றன. லண்டனை அடுத்த ஷர்லி என்னும் ஊரின் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ், 1880இல் கசகசா இனத்து வயற்பாப்பிப் பூ ஒன்று இதழோரம் வெளுத்திருக்கக் கண்டு, அதன் விதையிலிருந்து ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஷர்லி பாப்பி என்னும் வகை உலகத் தோட்டங்களில் பரவியதும் ஏறத்தாழ இக்காலத்திலேயே.

ஆனால் மைசூரின் பூ நாட்காட்டியை வகுத்தது தசரா. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கி, பின்னர் மைசூருக்கு வந்த அவ்விழா செப்டம்பர், அக்டோபரில் அமைவதால், நிஷாத் பாக் என்னும் குப்பண்ணா பூங்காவின் தசரா மலர்க்காட்சிக்கு ஆனி, ஆடியிலேயே விதைத்து, நாற்றங்காலிலிருந்து தொட்டிக்கு மாற்றி, மழையைத் தாங்கி வளர்க்கத்தக்க செடிகளே தேவைப்பட்டன. செண்டுமல்லி, கோழிக்கொண்டை, ஜின்னியா போன்றவை அதற்கு இசைந்தன. பாப்பி இனம் இந்த மூன்று நிபந்தனைகளுக்கும் மாறானது. அதன் ஆணிவேர் நேராக இறங்குவதால் பிடுங்கி நட்டால் செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. நனைந்த மண்ணில் இளநாற்று அழுகிவிடுகிறது. தூள் போன்ற அதன் விதையை உலர்ந்த மணலோடு கலந்து, பூக்கவேண்டிய இடத்திலேயே தூவி, மண்மூடாமல் இலேசாக அழுத்திவிட வேண்டும். ஆழப் புதைந்த விதை வெளிச்சமின்றி உறங்கிவிடும். வயற்பாப்பியின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் ஆற்றல் உடையது. முதல் உலகப்போரில் குண்டுகள் கிளறிய பெல்ஜிய நிலங்களில் அது செக்கச்செவேலெனப் பூத்தமைக்கு இதுவே காரணம். காட்சிக்கு வைக்கும் தொட்டிகளை அளவாகக் கொண்ட ஒரு பூங்காக்கலையில் இத்தகைய செடி விருந்தினராகவே இருக்க முடிந்தது என்று கருத வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு செடிக்கோ அழைப்பே தேவைப்படவில்லை. மெக்சிகோவிலிருந்து வந்து, முள்ளிலையும் மஞ்சள் பூவும் கொண்டு, சாலையோரங்களிலும் தரிசுகளிலும் தானே முளைக்கும் பிரம்மதண்டு சித்த மருத்துவத்தில்கூட இடம்பெற்றுவிட்டது. கடுகைப் போன்ற அதன் விதை கடுகெண்ணெயில் கலந்ததால் 1998இல் டெல்லியில் பலர் உடல் வீங்கி இறந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

மைசூரில் பாப்பி வளர்க்க விரும்புவோர் தசராவை மறந்து தீபாவளியை நோக்க வேண்டும். மழை ஓய்ந்த பின், ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ, ஷர்லி பாப்பியையோ கலிபோர்னியப் பாப்பியையோ நேரே பாத்தியில் தூவினால், பங்குனி வெயில் ஏறுமுன் பூவைக் காணலாம். சமையலறை டப்பாவிலுள்ள கசகசாவை மட்டும் விதைக்கக் கூடாது; உரிமம் இன்றி அதைப் பயிரிடுவது இந்தியச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.