கண்கட்டி: ஒரு பார்லி மணியின் வரலாறு

1/ திருநெல்வேலி டவுண்ல யார்கிட்ட கேட்டாலும் கண்கட்டிக்கு ஒரு வைத்தியம் சொல்வாங்க. நாமக்கட்டியை உரசிப் போடு. உள்ளங்கையில விரலைத் தேய்ச்சு, சூட்டோட இமையில வை. "சூட்டு உடம்புல்லா, அதான்!"
இதுல எது சரி, எது தப்பு? பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம், வாங்க.

2/ சுஸ்ருத சம்ஹிதை இமையில் வரும் சிறு கட்டியை 'அஞ்சனநாமிகா' என்கிறது. எரியும், குத்தும். முதல் சிகிச்சை? ஒத்தடம்.
ரோமானியர்களுக்கு அது பார்லி மணி போலத் தெரிந்தது. நாங்கள் இன்றும் சீட்டில் எழுதும் 'ஹோர்டியோலம்' அந்த லத்தீன் பெயர்தான்.

3/ சரி, ஏன் வருது?
1666ல் ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவர் இமைக்குள் வரிசையாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை விவரித்தார். 1882ல் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழில் குலைகுலையாகத் தெரிந்த கிருமிக்கு 'ஸ்டாஃபிலோகாக்கஸ்' என்று பெயர் வைத்தார்.
ரெண்டையும் சேருங்க. சுரப்பியின் வாய் அடைபடுது, உள்ளே கிருமி பெருகுது. அதுதான் கண்கட்டி. உடம்புச் சூடு இல்ல!
ஒத்தடம் கொடுத்தா உறைஞ்ச எண்ணெய் இளகி அடைப்பு திறக்கும். விரல் சூட்டுல பாட்டி கண்டுபிடிச்சது பாதி சரி. ஆனா அழுக்கு விரல் வேண்டாம்.

4/ "சின்னக் கட்டிதானே, பிதுக்கிட்டா போச்சு"ன்னு நினைக்கீங்களா?
1941, ஆக்ஸ்ஃபோர்டு. ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு முகத்தில் தொற்று. இதே ஸ்டாஃபிலோகாக்கஸும் அதில் உண்டு. பரவி, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. பெனிசிலின் போட்டதும் தேறினார். மருந்து தீர்ந்துபோனது. இறந்துவிட்டார்.
அவருக்கு வந்தது கண்கட்டி இல்லை. ஆனால் முகத்துத் தொற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவர் சாட்சி.

5/ ஆகவே செய்ய வேண்டியது:
✅ சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து 10 நிமிட ஒத்தடம், தினம் 3, 4 தடவை. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் சரியாகும்.
❌ பிதுக்காதீங்க. மை, கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.
❌ நாமக்கட்டி வெறும் மண்ணு. கண் பக்கம் வேண்டாம்.
❌ மெடிக்கல்ல நீங்களா ஸ்டீராய்டு சொட்டு வாங்காதீங்க.

6/ உடனே டாக்டரைப் பாருங்க:
🔴 காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கண்ணை அசைத்தால் வலி. குழந்தைன்னா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க.
🔴 அடிக்கடி வந்தா சுகர் பாருங்க.
🔴 வயசானவங்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் இமைமுடி கொட்டினாலோ, சதைப் பரிசோதனை அவசியம். இமைப் புற்றுநோய் சில நேரம் கண்கட்டி வேஷத்தில் வரும்.

7/ பழைய திருநெல்வேலி ஜில்லா வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமி, 1976ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988ல் அது நெல்லைக்கே வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியிலும் கண் பிரிவு உண்டு.
ஒத்தடத்துக்குக் கேட்காத கட்டியை வீட்டுல வச்சு வளர்க்காதீங்க.