எவர் உடைமையும் ஆகாத கலை: ‘சாட்சிப் போர்வை’ ஒப்பந்தம் குறித்து

கனடாவின் பூர்வகுடிக் குழந்தைகளை அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளின் எச்சங்களால் கலைஞர் கேரி நியூமன் உருவாக்கிய ‘சாட்சிப் போர்வை’யை நினைவுச்சின்னமாகவே காணும் ஆய்வுப்போக்கு ஒன்று உண்டு. 2019இல் அவரும் வின்னிபெக்கின் கனடிய மனித உரிமை அருங்காட்சியகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அப்போக்கு பொருட்படுத்துவதில்லை. உரிமைகள் கலைப்படைப்புக்கே உரியவை என்ற ஒப்பந்தத்தின் நிலைப்பாடு வெறும் உருவகமாம்; நடைமுறையில் படைப்பு அருங்காட்சியகத்தின் சொத்துதானாம். ஒப்பந்தத்தில் பாதியை மட்டும் படித்ததால் வந்த முடிவு இது.

எழுத்து வடிவ ஒப்பந்தம் படைப்பின் உடைமையை எவருக்கும் மாற்றித் தரவில்லை. கலைஞரும் அருங்காட்சியகமும் கூட்டுக் காப்பாளர்கள் மட்டுமே. அதே ஆண்டு அக்டோபரில், வான்கூவர் தீவில் கோமாக்ஸ் பூர்வகுடி மக்களின் சடங்குக்கூடமான பெருமனையில் அது சடங்குமுறைப்படி வாய்மொழியாக உறுதிசெய்யப்பட்டது. காகிதமே போதும் என்றால் இந்த இரண்டாம் கட்டம் எதற்கு? நியூமனின் தந்தைவழியான குவாக்வாக்கியவாக் மரபில், பரிசுகள் வழங்கப்படும் போட்லாட்ச் சடங்குக்கு வந்தவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போக முடியாது. பரிசு பெற்றுக்கொண்டவர், நடந்ததை நினைவில் வைத்திருந்து, வேண்டும்போது எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர். ஒப்பந்தத்தின் பிணைப்பு அந்தக் கடமையில்தான் இருக்கிறது என்று கருத இடமுண்டு. 1885 முதல் 1951 வரை கனடியச் சட்டம் போட்லாட்சைக் குற்றமாக்கி வைத்திருந்தது. அதே அரசின் நிறுவனம் ஒன்று பூர்வகுடிச் சடங்கின் முன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டதை அலங்காரம் என்று ஒதுக்குவது எவ்வகையிலும் பொருந்தாது.

படைப்பின் உள்ளடக்கமும் இந்த வாசிப்பையே வலியுறுத்துகிறது. ஏறத்தாழ 12 மீட்டர் நீளத் தேவதாரு மரச் சட்டகத்தில் 800க்கும் மேற்பட்ட பொருள்கள் பதிந்துள்ளன. யூக்கான் பகுதியின் கார்க்ராஸ் பள்ளியிலிருந்து வந்த சிறு காலணி அவற்றில் ஒன்று. உள்ளங்கையில் அடங்கிவிடும் அதை யாரிடமிருந்து விலைக்கு வாங்குவது? அணிந்திருந்த குழந்தையைக் கேட்க வழியில்லை. பள்ளியில் மழிக்கப்பட்ட தலைகளை நினைந்து நியூமனின் சகோதரியர் தந்த கூந்தல் பின்னல்களும் அங்கே உள்ளன. அவை கொடுத்தவர் யாரெனத் தெரிந்தவை. இவ்விரண்டையும் ஒரே விற்பனைப் பத்திரத்தில் அடக்க முயலும் சொத்துரிமைச் சட்டம் காலணியின் முன் திணறுகிறது. உரிமையைப் படைப்பிடமே விட்டதைக் கவித்துவம் என்பதைவிட, இருந்த வழிகளுள் நேர்மையானது என்பதே சரி.

நீதிமன்றம் இந்த ஒப்பந்தத்தைச் சோதித்ததில்லை என்பர். சோதிக்கப்படாத ஒப்பந்தங்களை நாம் அன்றாடம் செல்லுபடியானவையாகவே நடத்துகிறோம். படைப்பு அரசுப் பணத்தில் உருவானது என்ற ஆட்சேபமும் பலவீனமானது: உறைவிடப் பள்ளிகளிலிருந்து உயிர்பிழைத்தோர் வழக்காடிப் பெற்ற இழப்பீட்டுத் தீர்வின் பணம் அது.

கவனிக்கவேண்டிய சிக்கல் வேறு. நியூமனுக்குப் பின் காப்புப் பொறுப்பு யாருக்கு? சொத்துரிமை நோக்கில் விடை எளிது: வாரிசுகளுக்கு. சடங்கையே சட்டமாகக் கொண்டாலோ, நினைவைச் சுமக்கும் அடுத்த தலைமுறையினர் தேவை. அப்போது பூர்வகுடி இளையோரைப் பயிற்றுவித்து, பராமரிப்பு முடிவுகளில் அவர்களை அமர்த்துவது அருங்காட்சியகத்தின் ஒப்பந்தக் கடமைகளுள் ஒன்றாகிவிடுகிறது. அதற்கான நிதியையும் இருக்கைகளையும் அருங்காட்சியகம் இப்போதே ஒதுக்க வேண்டும்.