திருச்சுழியலும் மனைதோறும் மழைநீரும்

பாண்டிநாட்டுத் தேவாரத் தலங்கள் பதினான்கனுள் ஒன்று திருச்சுழியல். விருதுநகர் மாவட்டத்திலே குண்டாற்றங்கரைக்கண் உள்ளது. நம்பியாரூரர் பதிகம் பெற்றது. 1879ஆம் ஆண்டில் இரமண முனிவர் தோன்றியதும் இவ்வூரே. பெருவெள்ளம் சூழ்ந்த காலத்து இறைவன் தன் சூலத்தால் நிலத்தைத் துளைத்து, அவ்வெள்ளத்தைச் சுழித்து உட்புகச் செய்தருளினன் என்பது தலவரலாறு. ஊர்ப்பெயர்க்குக் காரணமும் அதுவே என்பர். நிலத்தின்மேல் ஓடும் நீரை நிலத்தினுட் புகுத்தல் என்னும் இச்செய்தியை, நீர்வறட்சி மிக்க இந்நாட்டார் சிந்தித்தல் வேண்டும்.

இப்பகுதி மேற்குமலைத் தொடரின் கீழ்ப்பால் அமைந்தமையின், தென்மேற்குப் பருவமழையிற் சிறுபங்கே பெறும். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிற் பாதியளவு ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய நாட்களிற் பெய்து தீரும். வைப்பாறும் குண்டாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாறுகளே. இதனையுணர்ந்த முன்னோர் வேளாண்மைக்குக் கண்மாயும் பருகுதற்கு ஊருணியும் கண்டனர். மனையிலே இறவாரத்தின்கீழ் அண்டாவும் குடமும் வைத்துக் கூரைநீரைக் கொண்டனர்.

சிவகாசியினின்று அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டு, 1923இல் அதனை இங்குத் தொடங்கினர். பட்டாசுத் தொழில் பின்னர் வளர்ந்தது. வறண்ட காற்று குச்சியும் மருந்தும் உலர்தற்கு உதவிற்று. தொழிலுக்கு உதவிய அவ்வறட்சியே, மனைப்பெண்டிரைக் குடத்துடன் தெருக்குழாயின் முன் நிறுத்திற்று.

2003ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு, கட்டிடந்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைத்தல் வேண்டுமென அவசரச் சட்டம் பிறப்பித்தது. எம் மனையிலும் குழி வெட்டினோம். சில ஆண்டுகளிற் சருகும் மண்ணும் அதனை மூடின. யாம் தூர் வாராதொழிந்தோம். ஒரு கோடையிற் கிணறு வற்ற, அன்பர் சிலருடன் திருக்கோயிலிலே மழைவேண்டி மேகராகக்குறிஞ்சிப் பதிகங்கள் ஓதினோம். திருவருளால் மழை பெய்தது. நனைந்து மனைக்கு மீண்ட யாம் கண்டது, எம் மாடிநீர் முழுதும் தெருச்சாக்கடையில் ஓடுவதையே. வேண்டிப்பெற்ற பொருளை வாயிலிலே எறிந்தோமே என நாணினோம். மறுநாளே மண்வெட்டி எடுத்தோம்.

கணக்கினை ஆராய்வாம். ஒரு சதுரமீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டராகும். 100 சதுரமீட்டர் மாடியில் 800 மில்லிமீட்டர் மழை 80,000 லிட்டர். ஐந்திலொரு பங்கு வீணாயினும் 64,000 லிட்டர் எஞ்சும். ஐவருள்ள குடும்பத்தில் உண்ணவும் பருகவும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டரெனின், ஆண்டுக்கு வேண்டுவது 18,250 லிட்டரே. ஆதலின் ஓராண்டு மழை மூன்றாண்டுத் தேவையினும் மிக்கது. முதன்மழையை மாடி கழுவப் புறத்தே விடுக. பின்வருவதைக் குழாய்வழி இறக்கி, கூழாங்கல்லும் மணலும் பரப்பிய வடிதொட்டியிற் செலுத்தி, மூடிய தொட்டியிற் சேர்க்க. மிகுவதைக் கிணற்றில் விடுக. ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் மாடியையும் மணலையும் தூய்மை செய்க. இவ்வொன்றை மறந்தமையே எம் பிழை.

கண்ணொளியிலராகிய தண்டியடிகள் கயிற்றைப் பற்றித் தடவிச்சென்று திருவாரூர்க் குளத்தைக் கல்லினார். திங்களூர் அப்பூதியடிகள் நாவரசர் திருப்பெயராலே தண்ணீர்ப்பந்தர் அமைத்தார். நீர்ப்பணியைச் சிவபணியாகக் கொண்ட மரபு நம்முடையது. ஆகலின் அன்பர்காள்! மழைக்குப் பதிகம் ஓதுமுன் மனைக்குழியைத் தூர் வாருக. கேட்கும் நாவிற்கு ஏற்கும் கையும் வேண்டுமன்றே.

திருச்சிற்றம்பலம்.