உண்ணிக் காய்ச்சலும் ஒத்தடமும்



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒத்தடம் புதிதன்று. கால் குடைச்சல் என்றால் தவிட்டையோ கல்லுப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து, பாதத்திலும் கெண்டைக்காலிலும் ஒற்றி எடுப்பர். நொச்சித் தழை கிடைத்தால் அதையும் வதக்கி வைத்துக் கட்டுவர். அக்குடைச்சல் எல்லா வேளையிலும் வேலைக் களைப்பால் வந்ததன்று. புல்லில் இருந்த ஒரு சிற்றுயிர் தந்த நோயாலும் வந்தது. அந்நோயின் வரலாற்றில் நம் கோலாலம்பூருக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆங்கிலத்தில் 'ஸ்கரப் டைஃபஸ்' எனப்படும் அதனைத் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். பரப்புவது நாயின் மேல் காணும் உண்ணியன்று. அதற்கு உறவான, கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம் பருவம். எலிகளை அண்டி வாழும் அது, புல்லில் நடப்போரின் காலிலும் ஏறும். ஏறக்குறையப் பத்து நாளில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடலெங்கும் தசைவலி. கடித்த இடத்தில் பலருக்குக் கருகிய பொருக்கு ஒன்று தோன்றும். சிகரெட்டால் சுட்டது போல் இருக்கும்.

1900-இல் தோன்றிய கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் பிளெட்சர், லெஸ்லர் என்னும் இருவர் 1925-இல் இக்காய்ச்சலைப் பற்றி அறிக்கை வெளியிட்டனர். நகரத்துக் கடைகளில் வருவது ஒன்று, நாட்டுப்புறத்தில் வருவது வேறொன்று என அவர்கள் பிரித்தறிந்தனர். அதற்குத் துணைநின்றது ஒரு தற்செயல். கிங்ஸ்பரி என்பவர் லண்டனிலிருந்து கொண்டுவந்த நுண்ணுயிர் வகை, எதிர்பார்த்தபடி நடக்காமல், நாட்டுப்புற நோயாளிகளின் குருதியோடு மட்டுமே திரிந்தது. அவர் பெயரின் முதலெழுத்தை அச்சோதனை இன்றும் தாங்கி நிற்கிறது.

நாட்டுப்புறம் என்றால் யார்? செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுள் அடங்குவர். 1917-இல் கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் தொடங்கிய செம்பனைப் பயிர் விரைந்து பரவியது. பழத்தைத் தின்ன எலிகள் வந்தன. மரங்களுக்கிடையே லாலாங் புல் அடர்ந்தது. வெறுங்காலோடு அதனுள் இறங்கியவர்களில் நம்மவர்கள் பலர். அந்நாளில் இந்நோய்க்கு மருந்தே கிடையாது. மருத்துவமனைக்குப் போனாலும் படுக்கை, நீராகாரம், தாதியின் கவனிப்பு, அவ்வளவுதான். ஆகவே லயத்தில் ஒரு பாட்டி கொடுத்த ஒத்தடத்தை அறியாமை என்று இகழ்வதற்கில்லை. மருத்துவரிடமும் அதைவிடப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

(இதே பிளெட்சர்தான் 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மறுசாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்து, பெரிபெரி நோய் பச்சரிசி உண்டவர்களையே தாக்கியதைக் கண்டவர். கால் மரத்து வீங்கும் அந்நோயிலிருந்து தமிழரைக் காத்தது நெல்லை அவிக்கும் பழக்கம். சூடு உண்மையிலேயே காலைக் காத்த கதை அது!)

1940-இல் லூத்வெயிட் என்பவரும் சவூர் என்னும் இந்திய ஆய்வாளரும், மலாயாவின் நாட்டுப்புறக் காய்ச்சலும் ஜப்பானின் சுட்சுகாமுஷி நோயும் ஒன்றே என உறுதிப்படுத்தினர். பின்னர் 1948-இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையிலான அமெரிக்கக் குழு குளோரம்பெனிக்கால் என்னும் புதுமருந்தோடு கோலாலம்பூருக்கு வந்தது. வெனிசுவேலா மண்ணிலிருந்து முந்திய ஆண்டில்தான் அது பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. வாரக்கணக்கில் நீடித்த காய்ச்சல், மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் இறங்கியது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்த ஒருவருக்கு இருந்தது குடற்காய்ச்சல் எனப் பின்னர் தெரிந்தது, அவரும் தேறினார்! டைபாய்டுக்கு மருந்து கிடைத்ததும் இவ்வாறு நம் ஊரில்தான். இன்று உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் டாக்சிசைக்கிளின் தருகின்றனர்.

சூட்டினாலேயே கிருமியைக் கொல்ல முயன்றவர்களும் உண்டு. வியன்னாவின் வாக்னர்-யாரெக் 1917-இல், மூளையைத் தாக்கிய மேகநோய்க்கு மலேரியாக் காய்ச்சலையே வேண்டுமென்று ஏற்றினார். 1927-இல் நோபல் பரிசும் பெற்றார். அச்சிகிச்சையில் இறந்தவர்களும் உண்டு. பென்சிலின் வந்ததும் அம்முறை மறைந்தது. மேலைநாடுகளில் உண்ணியால் வரும் லைம் நோயின் கிருமியும் அதே சுருள்வடிவக் குடும்பத்தது. 1982-இல் அடையாளம் காணப்பட்ட அதனால் சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கிறது. வெந்நீரில் பாதத்தை வைத்தால் குருதி ஓட்டம் கூடித் தசை இளகுகிறது, வலி தணிகிறது. தோலுக்கு மேல் வைக்கும் அவ்வளவு சூடு, உள்ளிருக்கும் கிருமியைத் தொடுவதில்லை.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாழும் நம் பிள்ளைகள் லாலாங்கை அதிகம் மிதிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் பள்ளி முகாமுக்குக் காட்டோரம் போகிறார்கள். விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போகிறார்கள். வேலூர் போன்ற பகுதிகளில் மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் இந்நோய் மிகுதி. திரும்பிவந்த பிள்ளைக்குக் காய்ச்சலோடு கால்வலியும் இருந்தால் ஒத்தடம் கொடுங்கள், தடையில்லை. அன்றே கிளினிக்குக்கும் அழைத்துச் செல்லுங்கள். அதற்குமுன் அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம் ஆகியவற்றில் கரும்பொருக்கு உண்டா எனப் பாருங்கள். வலிக்காது என்பதால் பிள்ளை தானாகச் சொல்லாது. போய்வந்த இடத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் நீரிழிவுள்ள பெரியவர் இருந்தால் ஒத்தட மூட்டையை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள். மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பிறகே தெரியவரும்.