வளரிளம் பருவத்தில் இரத்தசோகை: கோயம்புத்தூர் பெற்றோருக்கான விளக்கம்

பள்ளியில் வாரம் ஒரு முறை வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை, இரத்தசோகை வராமல் தடுப்பதற்கானது. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பிள்ளைக்கு அது போதிய சிகிச்சையாகாது. "பள்ளியில்தான் மாத்திரை கொடுக்கிறார்களே" என்ற நிம்மதியில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது பெற்றோரிடம் காணப்படும் பொதுவான பிழை. பிள்ளையின் சோர்வு சோம்பல் என்று பெயர் பெறுகிறது. மதிப்பெண் குறைந்தால் கைப்பேசியின் மேல் பழி விழுகிறது. கைப்பேசியும் காரணமாக இருக்கலாம். ஆயினும் முதலில் இரத்தத்தைப் பரிசோதித்துவிடுவது நலம்.

2019–21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் நால்வரில் ஒருவருக்கு இருந்தது. எனவே இது பெண் பிள்ளைகளுக்கு மட்டுமேயான நோயன்று.

எவ்வாறு கண்டறிவது?

நோய் மெல்ல மெல்ல வருவதால் உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. பிள்ளையே அதை உணராமல் இருக்கலாம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குதல், படபடப்பு, அடிக்கடி தலைவலி, பாடத்தில் கவனம் நிலைக்காமை ஆகியவற்றைக் கவனியுங்கள். கீழ் இமையின் உட்புறம், நாக்கு, நகங்கள் ஆகியவை வெளிறியிருக்கின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பச்சரிசி, சாக்குக்கட்டி, மண் போன்றவற்றை மெல்லும் ஆசையும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். மாதவிடாய் ஏழு நாள்களுக்கு மேல் நீடித்தாலோ, ஓரிரு மணி நேரத்துக்கு ஒரு முறை அணையாடை மாற்ற நேர்ந்தாலோ மருத்துவரிடம் தெரிவியுங்கள். வீட்டில் பலர் இதைக் கேட்பதே இல்லை. தாய் அல்லது அக்காள் கேட்டால் பெண் சொல்லிவிடுவாள்.

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 5 முதல் 11 வயது வரை 11.5 கிராமுக்கும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமுக்கும் குறையக்கூடாது. 15 வயதுக்கு மேல் பெண்ணுக்கு 12 கிராம், ஆணுக்கு 13 கிராம். 8 கிராமுக்குக் கீழ் சென்றால் அது கடுமையான இரத்தசோகை. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்பரிசோதனையை உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குச் சிறார் நலப் பரிசோதனைக் குழுவினர் நேரில் வருவதுண்டு. தனியார் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் பெரும்பாலும் இவ்வேற்பாட்டுக்குள் வருவதில்லை. ஆகவே அவர்களின் பெற்றோர் தாமாகவே முன்வந்து ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசோதிக்க வேண்டும்.

மாத்திரை ஏன் பாதியில் நிற்கிறது?

இரத்தசோகை உறுதியானால் மருத்துவர் நாள்தோறும் உண்ண வேண்டிய அளவைக் குறித்துக் கொடுப்பார். சிகிச்சை பொதுவாக மூன்று மாதம் நீளும். இரண்டு வாரத்தில் சோர்வு சற்றுக் குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதே மிகப் பரவலான தவறு. மலம் கருநிறமாகப் போவது மற்றொரு காரணம். அது இரும்பின் நிறமே, அச்சம் வேண்டாம். குமட்டல் இருந்தால் வெறும் வயிற்றில் கொடுக்காமல் உணவுக்குப் பின் கொடுங்கள். அப்போதும் தொடர்ந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.

தேநீர், காப்பி, பால் ஆகியவை இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். காலை உணவின்றித் தனிப்பயிற்சிக்குச் சென்று, மாலையில் பேக்கரியில் தேங்காய்ப் பன்னும் தேநீருமாகப் பசியாறும் பிள்ளைகளை இந்நகரில் எங்கும் காணலாம். தேநீரைக் கைவிடச் சொல்வது நடைமுறையில் இயலாது. மாத்திரைக்கும் உணவுக்கும் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அதைத் தவிர்த்தாலே பெரும் பயன் உண்டு.

ஹீமோகுளோபின் இயல்பு நிலையை எட்டிய பின்பும் வார மாத்திரை தொடர வேண்டும். ஆண்டுக்கு இரு முறை வழங்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறவிடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது.

உணவு

13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்பு தேவை. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 8.8 மில்லிகிராமும், கம்பில் 6.4 மில்லிகிராமும் உள்ளன. தீட்டிய வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கொங்கு வீடுகளின் கொள்ளுப் பருப்பும் கம்மஞ்சோறும் வாரத்தில் சில நாள்களேனும் பிள்ளையின் தட்டில் திரும்ப இடம்பெறலாம். கேழ்வரகு நல்ல உணவுதான், ஆனால் அதன் பெருமை சுண்ணாம்புச் சத்தில் உள்ளது. பீட்ரூட்டும் மாதுளையும் செந்நிறத்தால் மட்டுமே "இரத்தம் ஊறும்" என்ற பெயரைப் பெற்றவை. அவற்றில் இரும்பு மிகக் குறைவு. இறைச்சி உண்பவர்களுக்கு ஆட்டு ஈரல் சிறந்தது. தானிய உணவுடன் நெல்லிக்காய், கொய்யா அல்லது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படும். ஆயினும், இரத்தசோகை வந்த பின் உணவால் மட்டும் அதை ஈடுசெய்ய இயலாது. மாத்திரை இன்றியமையாதது.

இரும்புக்கு இணங்காத இரத்தசோகை

ஒழுங்காக மாத்திரை உண்டும் அளவு உயரவில்லையெனில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். தலசீமியா, அரிவாள் செல் இரத்தசோகை போன்ற மரபுவழி நோய்கள் இருக்கலாம். அரிவாள் செல் மரபுக்கூறு இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே பதிவு செய்யப்பட்டது. மலைக் கிராமங்களிலிருந்து நகரில் குடியேறிய குடும்பங்கள் இதை மருத்துவரிடம் மறவாமல் குறிப்பிடவும். கை கால் மூட்டுகளில் அடிக்கடி கடும் வலி, மஞ்சள் காமாலை, மீண்டும் மீண்டும் காய்ச்சல் இருந்தால் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரத்தப் பகுப்பாய்வு செய்யுமாறு கேளுங்கள்.

நீங்களே பஞ்சாலை விடுதியில் தங்கிப் பணிபுரியும் 18, 19 வயதுப் பெண்ணாக இருந்தால், பள்ளியை விட்டதால் இத்திட்டம் உங்களுக்கு இல்லை என்று எண்ண வேண்டாம். 19 வயது வரை வார மாத்திரைக்கு நீங்கள் உரியவர். அருகிலுள்ள அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ கேட்டுப் பெறலாம்; ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், நில்லாத இரத்தப்போக்கு ஏற்பட்டால் காலம் தாழ்த்தாமல் 108 ஊர்தியை அழையுங்கள். இரும்பு மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துச் சில மாத்திரைகளை விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். அவ்வாறு நேர்ந்தால் அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.