புற்றுநோயின் வேடத்தில் வரும் அழற்சி

மார்பில் கடினமான ஒரு கட்டி. அதன்மேல் தோல் ஆரஞ்சுப் பழத்தோல்போல் குழிவிழுந்திருக்கிறது, காம்பு உள்வாங்கியிருக்கிறது, அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. 1920-இல் நீங்கள் ஓர் அறுவை மருத்துவராக இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? புற்றுநோய் என்றுதானே! அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த முறைப்படி மார்பகத்தையும், அடியிலுள்ள தசைகளையும், அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே அகற்றியிருப்பீர்கள். பிறகு அதை நுண்ணோக்கியில் பார்த்தால், சில வேளைகளில் புற்றணு ஒன்றுகூட இராது. வெட்டியதை ஒட்டவைக்க முடியுமா?

நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் பிராங்க் அடேர், 1933-இல் ‘பிளாஸ்மா செல் மார்பழற்சி’ பற்றி எழுதினார். 1951-இல் ஹாகென்சன் ‘பால்நாள விரிவு’ என்ற நோயை விளக்கினார். 1972-இல் கெஸ்லர், வோலோக் இருவரும் சிறுமணிகள் போன்ற திசுக்கள் தோன்றும் இன்னொரு வகை அழற்சியை விவரித்தனர். மூன்று கட்டுரைகளின் தலைப்பிலும் ‘புற்றுநோயைப் போலத் தோன்றுவது’ என்ற எச்சரிக்கை இருந்தது.

எப்படித் தோன்றுகிறது இந்தப் போலி? பால்நாளங்கள் விரிந்து, உள்ளே தேங்கிய கொழுப்புப் பொருள் வெளியே கசிகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி வெள்ளணுக்களை அனுப்புகிறது. நாளடைவில் அங்கே நார்த்திசு வளர்ந்து சுருங்குகிறது. தீக்காயம் ஆறிய இடத்தில் தோல் சுருண்டு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே இழுப்புத்தான் காம்பையும் உள்ளே இழுக்கிறது. புற்றுக்கட்டியும் இவ்வாறே இழுக்கும்.

இயற்பியல் ஆசிரியனான எனக்கு எக்ஸ் கதிர் மீது தனிப் பற்று உண்டு. ஆயினும் அது காட்டுவது, கதிர் எங்கே மிகுதியாக உறிஞ்சப்படுகிறது என்பதைத்தான். அந்த நிழல் தழும்பா, புற்றா என்று பல சமயம் அதனால் சொல்ல இயலாது.

வழி காட்டியது ஓர் ஊசி! அதே மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டின், எல்லிஸ் இருவரும் கட்டிக்குள் ஊசி செலுத்தி, உறிஞ்சிய அணுக்களைச் சோதிக்கும் முறையை 1930-இல் வெளியிட்டனர். இன்று சற்றுப் பருத்த ஊசியால் திசுத் துண்டையே எடுக்கிறார்கள். கத்தி அதற்குப் பிறகுதான்.

அழற்சி என்று தெரிந்தபின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மார்பகத்தில் காசநோயும் வரும். ஆஸ்ட்லி கூப்பர் 1829-இலேயே அதைக் குறிப்பிட்டார். சிறுமணி அழற்சிக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்து காசநோயை முற்றச் செய்துவிடும். ஆகவே காசநோய் மிகுந்த நம் நாட்டில், முதலில் அது இல்லையென்று உறுதிசெய்துகொள்கிறார்கள்.

வேடம் மறுபுறமும் உண்டு. சிவந்து வீங்கிச் சீழ்க்கட்டிபோல் தோன்றும் புற்றுநோயும் இருக்கிறது. ஓரிரு வாரம் மருந்து கொடுத்தும் அத்தகைய வீக்கம் வடியாவிட்டால், அங்கும் ஊசிச் சோதனை தேவை.