பொட்டலத் தேயிலையும் லயன் கூரையும்

கிளாஸ்கோ நகரில் 1871ஆம் ஆண்டு மளிகைக்கடை திறந்தவர் தாமஸ் லிப்டன். அவர் 1890இல் இலங்கைக்கு வந்து, கொஸ்லந்தவுக்கு அண்மையிலுள்ள அப்புத்தளை மலையில் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை விலைக்கு வாங்கினார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கும் வழக்கத்தை விடுத்து, எடை குறித்த பொட்டலங்களாகத் தேயிலையைத் தம் கடைகளிலேயே விற்றார். இடைத்தரகர் இலாபம் குறையவே, நல்ல தேயிலை எளியோர்க்கும் எட்டிற்று.

மலைநாட்டில் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரோ, கடனைக் குறிக்கும் ‘துண்டு’ முறையால் தோட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தனர். அம்முறை 1921இல் ஒழிந்தது. லயன் வாழ்வு ஒழியவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. தேயிலைக்குப் புதிய உறை கண்ட வணிகம், அதனைப் பறித்த கைகளுக்கு அச்சமற்ற கூரையொன்றைக் காணவில்லை.